தளரும் தசையும் இழைமணிகளும்

திருவனந்தபுரம் நகரின் நடுவே தம்பானூர் இருக்கிறது. 1931-ஆம் ஆண்டில் எழுந்த இரயில் நிலையம் சாலையின் ஒரு புறம். வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கும் நிலையம் எதிர்ப்புறம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் முதலிய ஊர்களிலிருந்தும், அப்பால் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வரும் தமிழர் பலர் இங்கேதான் இறங்குகின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதுவரை அம்மாவட்டத்தார்க்குத் திருவனந்தபுரமே தலைநகரம். தலைநகரம் மாறிற்று, ஆனால், பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் என்னும் வழக்கம் மாறவில்லை. 1951-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும், அதன் வளாகத்தில் உள்ள அவிட்டம் திருநாள் மருத்துவமனையும், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் அவர்களை அழைத்தவண்ணம் இருக்கின்றன.

அவ்வாறு வருகிறவர்களுள் குழந்தையைத் தோளில் சுமந்து வரும் தாய்மார் பலர். அக்குழந்தைகளுள் மிகச் சிலருக்கே வாய்க்கும் அபூர்வமான நோய் ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். அபூர்வமான நோயைப் பற்றி எல்லோரும் ஏன் அறிய வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நோய் அபூர்வமாயினும், அதைச் சுற்றி எழும் தவறான எண்ணங்கள் அபூர்வமானவை அல்ல. அவை நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படுகின்றன. அவற்றால் துன்புறுவது பெரும்பாலும் குழந்தையின் தாய்.

முதலில் நோயின் தோற்றத்தைப் பார்ப்போம். குழந்தை பிறந்தபோது குறை ஒன்றும் தெரியவில்லை. தவழ்ந்தது, எழுந்து நடந்தது. பிறகு சிறிது சிறிதாகத் தளர்ச்சி தோன்றுகிறது. தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி எழுகிறது. படியேற முடியாமல் திகைக்கிறது. மாலை நேரத்தில் கண்ணிமை தொங்குகிறது. நாலு அடி ஓடினால் மூச்சு வாங்குகிறது, வாந்தி எடுக்கிறது. சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து போன பின், கற்றிருந்த நடையையே இழந்துவிடுகிறது. சில குழந்தைகளிடம் வலிப்பும், காது கேளாமையும், இதயத் தளர்ச்சியும் சேர்ந்து காணப்படும். வீட்டில் உள்ளோர் சவலை என்கின்றனர்; சோம்பல் என்கின்றனர்; தோஷம் என்றும் சொல்கின்றனர். தாய் சரியாகப் பாலூட்டவில்லை, கருவுற்றிருந்தபோது வாயைக் கட்டவில்லை என்ற பழிச்சொற்களும் எழுகின்றன.

குழந்தையின் தசை தளர்வதற்குக் காரணங்கள் பல உண்டு. எளிமை கருதி அவற்றுள் மூன்றைச் சொல்லலாம். தசைநாரின் சுவரே வலிமையற்றுச் சிதைவது ஒன்று. சிறுவர்களைப் பற்றும் டுஷேன் தசைச் சிதைவு நோய் இவ்வகையைச் சேர்ந்தது. தசைக்குக் கட்டளை கொண்டுவரும் முதுகுத்தண்டின் நரம்பணுக்கள் அழிவது மற்றொன்று. மூன்றாவது வகையில் சுவரும் இருக்கிறது, கட்டளையும் வருகிறது, ஆயினும், வேலை செய்வதற்கு வேண்டிய ஆற்றல் பிறக்கவில்லை. நாம் பேசப்போவது இந்த மூன்றாம் வகையைப் பற்றியே.

நம் உடலின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய உறுப்புகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று மைட்டோகாண்ட்ரியா. ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா 1898-ஆம் ஆண்டில் இதற்கு இப்பெயரை இட்டார். கிரேக்க மொழியில் மைட்டோஸ் என்றால் இழை. காண்ட்ரியான் என்றால் சிறு மணி. நுண்ணோக்கியில் சில இழையாகவும் சில மணியாகவும் தெரிந்தமையால் அப்பெயர். தமிழில் இழைமணி என்று வழங்குவது மிகப் பொருத்தமே. ஓயாது உழைக்கும் இதயத்திலும், தசையிலும், மூளையிலும் இழைமணிகள் மிகுதியாக உள்ளன. ஆதலால் அவற்றில் குறை நேர்ந்தால் முதலில் வாடுபவையும் இவையே.

இழைமணியின் தொழில் யாது? நாம் உண்ணும் சோறும் எண்ணெயும் செரித்து, உடைந்து, இறுதியில் இங்கே வந்து பிராணவாயுவோடு சேர்கின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் பொருள் உண்டாகிறது. தசை சுருங்குவதற்குச் செலவாகும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். ஒரு நொடியில் நம் உடலில் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமைத் தாண்டாது. செலவான நாணயம் உடனுக்குடன் மீண்டும் அச்சாகி வருகிறது. ஒரு நாளில் இவ்வாறு அச்சாகும் மொத்த அளவு ஏறத்தாழ நம் உடல் எடைக்குச் சமம் என்றால் வியப்பாக இல்லையா?

இது நடைபெறும் முறையை 1961-ஆம் ஆண்டில் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய அறிஞர் எடுத்துரைத்தார். முதலில் பலரும் நம்பவில்லை. பின்னர் 1978-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கூறியதை நமக்குத் தெரிந்த ஒன்றால் விளக்கலாம். பாபநாசத்தில் தாமிரவருணியின் நீரைத் தேக்கி, உயரத்திலிருந்து விழச் செய்து, அந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள் அல்லவா? இழைமணியிலும் ஓர் அணை உண்டு. அதன் உட்சுவரில் நான்கு புரதக் கூட்டங்கள் வரிசையாக வேலை செய்கின்றன. அவற்றுள் மூன்று, ஹைட்ரஜன் அயனிகளைச் சுவருக்கு அப்பால் இறைத்துத் தேக்குகின்றன. தேங்கிய அயனிகள் ஐந்தாவது கூட்டத்தின் வழியே திரும்பிப் பாய்கின்றன. பாயும்போது அது உண்மையாகவே சக்கரம்போலச் சுழன்று ஏ.டி.பி.யை வார்த்தெடுக்கிறது.

இந்த வரிசையில் எங்கேனும் பழுது நேர்ந்தால் என்ன ஆகும்? எரிபொருள் இருக்கும், எரியாது. பாதி எரிந்த சர்க்கரை லாக்டிக் அமிலமாகி இரத்தத்தில் மிகும். சற்று ஓடிய குழந்தை மூச்சு வாங்குவதும் வாந்தி எடுப்பதும் இதனால்தான். காய்ச்சலும் பட்டினியும் ஆற்றலின் தேவையைப் பெருக்குகின்றன. அல்லது வரவைக் குறைக்கின்றன. முன்னமே வறண்ட பானையிலிருந்து மேலும் மொண்டால் அடி தெரியத்தானே செய்யும்? நடந்த குழந்தை காய்ச்சலுக்குப் பின் நடையை இழப்பதன் காரணம் இதுவே.

இழைமணியாலும் நோய் வரலாம் என்பதை உலகம் அறிந்தது 1962-ஆம் ஆண்டில். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ரால்ப் லுப்ட், எவ்வளவு உண்டும் மெலிந்தே இருந்த, எந்நேரமும் வியர்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியை ஆராய்ந்தார். அவருடைய தசையின் இழைமணிகளில் குறை இருப்பதைக் கண்டார். அடுத்த ஆண்டே, அதாவது 1963-இல், இரு முக்கிய நிகழ்ச்சிகள் ஒருங்கே நிகழ்ந்தன. ஸ்டாக்ஹோமில் நாஸ் தம்பதியர் இழைமணிக்குள்ளேயே டி.என்.ஏ. இழைகள் இருப்பதைக் கண்டனர். அமெரிக்காவில் எங்கெல், கன்னிங்ஹாம் ஆகிய இருவர் தசைத் துணுக்குகளுக்குச் சாயம் ஏற்றும் முறை ஒன்றைத் திருத்தி அமைத்தனர். அந்தச் சாயம் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது.

தசைத் துணுக்குச் சோதனை என்றவுடன் பெற்றோர் அஞ்சுகின்றனர். அது நடைபெறும் முறையை அறிந்தால் அச்சம் குறையும். பெரும்பாலும் தொடையிலிருந்தோ மேற்கையிலிருந்தோ ஒரு கொண்டைக்கடலை அளவு தசையை எடுக்கின்றனர். மற்றச் சதைத் துணுக்குகளைப் பார்மலின் நீரில் இடுவது வழக்கம். இதை அவ்வாறு இட்டால் உள்ளிருக்கும் நொதிகள் மாண்டுபோகும். ஆகையால் திரவ நைட்ரஜனின் குளிரால் நொடிப்பொழுதில் உறையவைக்கின்றனர். பின்னர் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவிச் சாயம் ஏற்றுகின்றனர்.

நான் முன்பு சொன்ன சாயத்தில் நல்ல தசைநார் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் தோன்றும். இழைமணிகள் சிவப்பாகத் தெரியும். குறையுள்ள தசைநாரோ ஆற்றல் போதாமல், ஈடு செய்வதற்காக இழைமணிகளைப் பெருக்கிக்கொண்டே போகிறது. வேலை செய்யாத அடுப்புகளையே மேலும் மேலும் அடுக்கியதுபோல் அவை தசைநாரின் ஓரத்தில் குவிகின்றன. அதனால் தசைநாரின் விளிம்பு கிழிந்த சிவப்புத் துணிபோல் காட்சி தருகிறது. கிழிந்த செந்நார்கள் என்றே மருத்துவர் அவற்றைக் குறிப்பிடுகின்றனர். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், பருத்து உருமாறிய இழைமணிகளும், சிலவற்றின் உள்ளே செங்கல் அடுக்கியதுபோன்ற படிகங்களும் தெரியும்.

மற்றொரு சோதனை இன்னும் நுட்பமானது. நான்காம் புரதக் கூட்டம் வேலை செய்யும் இடம் பழுப்பு நிறமாகவும், இரண்டாம் கூட்டம் வேலை செய்யும் இடம் நீல நிறமாகவும் காணுமாறு இரு சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகின்றனர். நல்ல தசைநாரில் பழுப்பு மேலோங்கும். நான்காம் கூட்டம் செயலிழந்த தசைநாரில் நீலம் மட்டும் நிற்கும். பழுப்பு நார்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல நார்கள் தெரிந்தால், மருத்துவர் இழைமணியின் டி.என்.ஏ.யின் மீது ஐயம் கொள்வர். ஏனெனில் இரண்டாம் கூட்டம் முழுவதும் உட்கருவின் மரபணுக்களால் ஆக்கப்படுவது. நான்காம் கூட்டத்தின் நடுப்பகுதிகளோ இழைமணியின் சொந்த மரபணுக்களால் ஆக்கப்படுபவை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மிகச் சிறு குழந்தைகளின் தசையில் கிழிந்த செந்நார்கள் காணாமலும் இருக்கலாம். அவை இல்லை என்பதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. இக்காலத்தில் பல இடங்களில் இரத்தத்திலிருந்து மரபணுக்களைப் படிக்கும் சோதனையையே முதலில் செய்கின்றனர். ஆயினும், இரத்தத்தில் தெரியாத சில மாறுதல்கள் தசையிலேயே தெரியும். ஆகையால் தசைத் துணுக்கின் மதிப்பு இன்னும் போகவில்லை.

இனி, இந்நோய் எவ்வழியே வருகிறது என்னும் கேள்விக்கு வருவோம். பழிச்சொற்கள் பிறப்பதும் இக்கேள்வியிலிருந்தே.

இழைமணியின் டி.என்.ஏ. மிகச் சிறியது. 1981-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் அதன் 16,569 எழுத்துகளையும் படித்து முடித்தனர். அதில் இருப்பவை 37 மரபணுக்களே. அவை தரும் புரதங்கள் 13. இழைமணிக்கு வேண்டிய மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உட்கருவின் மரபணுக்களே ஆக்கி அனுப்புகின்றன. ஆகவே குறை இரு இடங்களில் நேரலாம்: இழைமணியின் சொந்த மரபணுக்களில் ஒன்று, உட்கருவின் மரபணுக்களில் மற்றொன்று.

இழைமணியின் டி.என்.ஏ. நமக்குத் தாயிடமிருந்தே வருகிறது. தந்தையின் விந்தணு கொண்டுவரும் சில இழைமணிகள் கருவில் அழிந்துபோகின்றன. இந்தத் தாய்வழித் தொடர்ச்சியைக் கொண்டுதான், ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும் உடன் ஆய்வாளர்களும் அந்தமான் தீவுப் பழங்குடியினரின் தொன்மையை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டனர். மனித குலத்தின் பழைய பயணத்தைச் சொல்லும் அதே இழையில்தான் நோய்க்குக் காரணமான எழுத்துப் பிழையும் இறங்கி வருகிறது. நோயுற்ற தசையில் இந்த டி.என்.ஏ. துண்டு துண்டாக இழந்திருப்பதை 1988-இல் இலண்டன் ஆய்வாளர் முதன்முதலாக மெய்ப்பித்தனர்.

அப்படியானால் தாய்தானே காரணம் என்று எவரும் சொல்லத் துணிவாராயின், அவர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உயிரணுவில் இழைமணி டி.என்.ஏ.யின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படிகள் உள்ளன. அவற்றுள் சில பழுதாகவும் மற்றவை நல்லனவாகவும் இருக்கலாம். நெல்லும் பதரும் கலந்த குதிரிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக அள்ளினால், ஒரு பிடியில் பதர் மிகும். ஒரு பிடியில் குறையும். தாயின் கருமுட்டைகள் உருவாகும்போதும் இதுவே நிகழ்கிறது. பழுதான படிகள் ஓர் அளவைத் தாண்டினால்தான் நோய் தோன்றும். பல பிழைகளுக்கு அந்த அளவு நூற்றுக்கு அறுபது முதல் தொண்ணூறு வரை. ஆகையால் தாய் நலமாக இருக்க, முதல் பிள்ளையும் நலமாக இருக்க, இரண்டாம் பிள்ளை மட்டும் நோயுறலாம். எந்தப் பிடி எந்தப் பிள்ளைக்கு என்று தேர்ந்தவர் எவரும் இல்லை. தாய் உண்டதும் உண்ணாததும் இதற்குக் காரணம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. குழந்தைப் பருவத்தில் தோன்றும் இழைமணி நோய்களுள் பெரும்பாலானவை தாய்வழி வருபவையே அல்ல. உட்கருவின் மரபணுக்களில் உள்ள குறையால் வருபவை. தந்தையிடம் ஒரு பழுதான படியும் தாயிடம் ஒரு பழுதான படியும் இருக்கும். ஒவ்வொரு படியே பழுதாதலால் இருவரும் நலமாகவே இருப்பர். இரண்டு பழுதும் ஒரு குழந்தையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய் உண்டாகும். ஒவ்வொரு கருவுறுதலிலும் அதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கே தாய்க்கும் தந்தைக்கும் பங்கு சமம். குற்றம் இருவருக்கும் இல்லை.

நம் நாட்டில் முறைப்பெண்ணையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. உறவினர் இருவரும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருக்க இடம் உண்டு. மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கையும், அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பர். உறவில் மணந்த எல்லோருக்கும் நோயுள்ள குழந்தை பிறக்கும் என்பது இதன் பொருள் அன்று. பெரும்பாலோர்க்கு நலமான குழந்தைகளே பிறக்கின்றன. ஆனால், குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை இவ்வாறு தளர்ந்து இறந்திருந்தால், அடுத்த மணத்தையும் அடுத்த கருவையும் பற்றி மரபியல் மருத்துவரிடம் கேட்டறிவது அறிவுடைமை.

இவ்வகை நோய் ஒன்றின் வரலாறு நமக்கு நம்பிக்கை தருவது. டி.கே.-2 என்னும் நொதி இழைமணி டி.என்.ஏ.யைப் படியெடுக்க வேண்டிய எழுத்துகளுள் இரண்டைச் சித்தம் செய்து தருகிறது. பிரிந்து பெருகும் உயிரணுக்களில் இதே வேலையைச் செய்ய வேறொரு நொதி உண்டு. பிரியாத தசையணுவில் அது இல்லை. ஆகவே டி.கே.-2 குறைந்தால் தசையின் இழைமணி டி.என்.ஏ. நாளுக்கு நாள் அருகிப் போகிறது, குழந்தை தளர்கிறது, மூச்சுத் தசைகளும் ஓய்கின்றன. 2001-ஆம் ஆண்டில்தான் இந்தக் குறை கண்டறியப்பட்டது. நொதி தர வேண்டிய அவ்விரு எழுத்துகளின் மூலப் பொருள்களையே வாய்வழி மிகுதியாகக் கொடுத்தால் என்ன என்று ஆராய்ச்சியாளர் எண்ணினர். முதலில் எலிகளிலும் பின்னர் நோயாளரிடமும் அது பயன் தந்தது. பன்னிரண்டு வயதுக்குள் அறிகுறி தொடங்கியவர்களுக்கு இம்மருந்தை வழங்க அமெரிக்க அரசின் மருந்து ஆணையம் 2025-ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. சோம்பல் என்றும் சவலை என்றும் ஒதுக்கப்பட்ட குழந்தையின் நோய்க்குச் சரியான பெயர் கிடைத்ததனால் விளைந்த பயன் இது.

எல்லா இழைமணி நோய்களுக்கும் இவ்வாறு மருந்து வந்துவிடவில்லை. பெரும்பாலானவற்றைக் குணப்படுத்த இன்றும் வழி இல்லை. ஆயினும், சிலவற்றுக்கு எளிய மருந்தே போதும். கோ-என்சைம் க்யூ-10 என்னும் பொருளை உடல் ஆக்க இயலாத குழந்தைகளுக்கு அதையே கொடுக்கலாம். தயமினும் பயோட்டினும் ஆகிய இரு வைட்டமின்களால் தேறும் மூளை நோய் ஒன்றும் உண்டு. இவற்றை விரைவில் கண்டறியாமல் விட்டால் மூளைக்கு நேரும் கேடு திரும்பாது. ஆதலால் காலம் தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனையை அடைவது முக்கியம்.

மருந்தற்ற நிலையிலும் பெற்றோர் செய்யக்கூடியவை பல உள்ளன. குழந்தையை நெடுநேரம் பட்டினி போடலாகாது. விரதம் என்றும் வயிற்றைக் காயப்போடுவது என்றும் செய்வது ஆபத்து. காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாட வேண்டும். தடுப்பூசிகளை மருத்துவர் சொற்படி உரிய காலத்தில் போட வேண்டும். அறுவைச் சிகிச்சையோ மயக்க மருந்தோ தேவைப்பட்டால் நோயின் பெயரை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்னும் மருந்து சிலவகை இழைமணி நோய்களில் ஈரலைக் கடுமையாகக் கெடுக்கும். ஆகவே அதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். தாமாக எந்த மருந்தையும் நிறுத்தலாகாது. இதயம், கண், காது ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிப்பதும், மருத்துவர் வகுத்த அளவான பயிற்சியும் நலம் தரும்.

பெரும் பொருட்செலவு ஏற்படும்போது கை கொடுக்க அரசும் முன்வந்துள்ளது. மத்திய அரசு 2021-ஆம் ஆண்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வகுத்தது. அதில் இடம்பெற்ற நோய்களுக்கு, குறிப்பிட்ட மையங்களில் சிகிச்சை பெறுவோர்க்கு, 50 இலட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. திருவனந்தபுரத்து அவிட்டம் திருநாள் மருத்துவமனை அம்மையங்களுள் ஒன்று. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே இதய நோயால் மறைந்த ஒரு சிறுவனின் நினைவாக எழுந்தது அம்மருத்துவமனை. அரண்மனையில் பிறந்த குழந்தைக்கு அந்நாளில் கிட்டாத மருத்துவம் குடிசையில் பிறந்த குழந்தைக்கும் கிட்ட வேண்டும் என்பதே அப்பெயர் நமக்கு உணர்த்தும் பொருள். கேரள அரசும் 2024-இல் அரிய நோய்களுக்கென ‘கேர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது.

தாய்வழி வரும் வகையைத் தடுப்பதற்கும் உலகில் முயற்சி நடைபெறுகிறது. தாயின் கருவின் உட்கருப் பொருளை எடுத்து, நல்ல இழைமணிகளைக் கொண்ட வேறொரு பெண்ணின் முட்டையில் சேர்க்கும் முறையைப் பிரிட்டன் 2015-ஆம் ஆண்டில் சட்டப்படி அனுமதித்தது. இம்முறையால் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதை நியூகாசில் நகர மருத்துவர் 2025-இல் அறிவித்தனர். அக்குழந்தைகள் வளர வளரத்தான் இதன் முழுப் பயனும் தெரியவரும்.

நேயர்களுக்கு நான் இறுதியாகச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தை காரணமின்றித் தளர்ந்தால், மருத்துவரிடம் செல்லும்போது பழைய சோதனைத் தாள்கள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரு வழியிலும் மூன்று தலைமுறை உறவுமுறையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இளமையில் இறந்த குழந்தைகளின் பெயரையும் மறைக்காமல் அதில் சேருங்கள். மருத்துவர்க்கு அந்தத் தாள் ஒரு பெரிய துணை. தாயைக் குறை கூறுவோர் இருந்தால், குதிரில் கலந்த நெல்லையும் பதரையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நோயைத் தீர்ப்பது நம் கையில் இல்லாமற் போகலாம். ஒரு தாயின் மீது விழும் பழியைத் தீர்ப்பது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.